விதி பிறந்த நேரம்

பள்ளி விடுமுறை ஒன்றில், பன்னிரண்டு வயதான என் பேரனுக்குத் துணையாகக் கோலாலம்பூரில் உள்ள ஒரு பேரங்காடிக்குச் சென்றிருந்தேன். அங்கே ரூபிக் கனசதுரப் போட்டி நடைபெற்றது. ஆறு வண்ணங்களும் கலைந்து கிடக்கும் அச்சிறு பெட்டியை, ஒவ்வொரு முகமும் ஒரே வண்ணம் ஆகும்வரை திருப்ப வேண்டும். விரைவில் முடிப்பவர் வெல்வார். இவ்வளவுதான் போட்டி என்று எண்ணியிருந்தேன். நாற்காலியில் அமர்ந்து அரை நாள் பார்த்த பிறகே, அந்த விளையாட்டின் பாதி கனசதுரத்தில் இல்லை, அதன் விதிகளில் இருக்கிறது என்பதை உணர்ந்தேன்.

ஒவ்வொருவருக்கும் ஐந்து வாய்ப்புகள். ஐந்திலும் மிகக் குறைந்த நேரத்தையும் மிகக் கூடிய நேரத்தையும் நீக்கிவிட்டு, எஞ்சிய மூன்றின் சராசரியை எடுக்கிறார்கள். தொடங்குமுன் கனசதுரத்தை உற்றுநோக்க 15 விநாடிகள் தருகிறார்கள். எட்டாவது விநாடியிலும் பன்னிரண்டாவது விநாடியிலும் நடுவர் குரல் கொடுத்து எச்சரிக்கிறார். பதினைந்து விநாடியைத் தாண்டித் தொடங்கினால் இரண்டு விநாடி தண்டம். பதினேழையும் தாண்டினால் அந்த வாய்ப்பே இல்லை.

என் பேரனின் ஐந்து நேரங்களையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டேன். 17.40, 19.10, 16.80, 18.20, 20.50. மூன்றாவது முறை அவன் கடிகாரத்தை நிறுத்தியபோது மேலடுக்கு முழுவதுமாகத் திரும்பவில்லை. பாதி வழியைக்கூட எட்டாமல் கோணலாக நின்றது. இன்னும் ஒரு திருப்பம் மீதமிருப்பதாகவே அதைக் கொள்வர். நடுவராக இருந்த பெண், அவனைவிட நான்கைந்து வயது மூத்தவளாக இருக்கலாம், இரண்டு விநாடியைக் கூட்டி 18.80 என்று எழுதினாள். அவன் தாளைப் பார்த்தான், தலையசைத்தான், கையொப்பமிட்டான். அந்தத் தண்டம் இல்லையெனில் அவனுடைய சராசரி 18.23. தண்டத்தோடு 18.70. அரை விநாடிக்கும் குறைவான அந்த வேறுபாட்டில் அவன் இரண்டாம் சுற்றை இழந்தான்.

திரும்பும் வழியில், ஆறுதல் கூறும் கடமை எனக்கு உண்டென்று கருதி, “அந்தப் பெண் கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கலாம்” என்றேன். அவன் என்னை வியப்புடன் பார்த்தான்.

“அது எப்படித் தாத்தா? கோணலாக நின்றால் இரண்டு விநாடி என்று எனக்கு முன்னாலேயே தெரியுமே! நான்தான் அவசரப்பட்டு நிறுத்திவிட்டேன்.”

முன்னாலேயே தெரியுமே! அந்த ஒரு சொல் என்னை நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு பிற்பகலுக்கு இழுத்துச் சென்றது. அதை இதுவரை நான் எவரிடமும் கூறியதில்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் படிக்கும் இத்தொகுப்பில் எழுதுவதே பொருத்தம் என்று கருதுகிறேன்.

1981ஆம் ஆண்டு. நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அருகருகே இருந்த தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் சில ஒன்றுகூடி ஒரு மொழி விழாவை நடத்தின. பேச்சு, கவிதை ஒப்புவித்தல், கையெழுத்து ஆகியவற்றோடு, புதுமையாகக் குறுக்கெழுத்துப் போட்டி ஒன்றையும் சேர்த்திருந்தோம். புதிரை ஆக்கியவன் நான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஒற்றெழுத்துக்கும் ஒரு கட்டம். நேரம் இருபது நிமிடம். பரிசு ஒரு தமிழ் அகராதி. அந்நாளில் தோட்டத்துப் பிள்ளையின் வீட்டில் அகராதி இருப்பது அரிது.

“முதலில் முடிப்பவருக்கே பரிசு” என்று ஒலிபெருக்கியில் அறிவித்தோம். அதற்கு மேல் எதையும் கூறவில்லை. தவறு நேர்ந்தால் என்ன செய்வது என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஓட்டப் பந்தயத்துக்குப் பயன்படும் ஸ்டாப் வாட்ச் ஒன்று என் கையில் இருந்தது.

பதினோராவது நிமிடத்தில் ஒரு சிறுமி கையை உயர்த்தினாள். அடுத்த தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. பெற்றோர் இருவரும் பால்மரம் வெட்டுபவர்கள். பதினான்காவது நிமிடத்தில் ஒரு சிறுவன் கையை உயர்த்தினான். அவன் என் பள்ளி மாணவன். என் வகுப்பு மாணவன்.

விடைத்தாள்களைத் திருத்தினோம். சிறுவனின் தாளில் ஒரு பிழையும் இல்லை. சிறுமியின் தாளையும் முதலில் பிழையற்றது என்றே எண்ணினோம். இரண்டாம் முறை பார்த்தபோதுதான் ஒரு கட்டம் உறுத்தியது. இடமிருந்து வலமாக, “சிறகுடையது” என்ற குறிப்புக்கு விடை பறவை. மேலிருந்து கீழாக, “வீரம்” என்ற குறிப்புக்கு விடை மறம். இரண்டும் நடுவெழுத்தில் சந்திக்கின்றன. சிறுமி வல்லின றகரத்துக்குப் பதிலாக இடையின ரகரத்தை எழுதிவிட்டாள். பறவை, பரவை ஆயிற்று. மறம், மரம் ஆயிற்று. பரவையும் தமிழ்ச் சொல்லே, கடலைக் குறிக்கும். மரமும் தமிழ்ச் சொல்லே. அவள் வீட்டுக்குச் சோறு போடுவதும் அதுவே. நிரம்பிய கட்டங்களில் பொருளற்ற சொல் எதுவும் இல்லாததால், அவள் கண்ணுக்குப் பிழை தோன்றாமலே போயிற்று.

நடுவர்கள் மூவர். ஒருவர், “முதலில் முடித்தவருக்கே பரிசு என்று அறிவித்துவிட்டோம், மாற்ற முடியாது” என்றார். மற்றவர், “பிழையோடு முடித்ததை முடித்ததாக எவ்வாறு கொள்வது?” என்றார். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. இருவரும் என் முகத்தைப் பார்த்தனர். புதிரை ஆக்கியவன் நானல்லவா?

“பிழைக்குத் தண்டமாக நேரத்தைக் கூட்டுவோம். தவறான ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு நிமிடம்” என்றேன். தவறான சொற்கள் இரண்டு. பதினொன்றோடு நான்கு கூடிப் பதினைந்து. சிறுவனுக்குப் பதினான்கு. அகராதி என் மாணவனுக்குச் சென்றது.

ஆராய்ந்து கூறப்பட்ட நடுநிலையான தீர்ப்பு என்று மற்ற இருவரும் பாராட்டினர். எனக்கு மட்டும் ஓர் உண்மை தெரியும். வாய் திறக்குமுன் நான் இரண்டு கணக்குகளை மனத்தில் போட்டுப் பார்த்துவிட்டேன். தவறான சொல்லுக்கு இரண்டு நிமிடம் என்றால் சிறுவன் வெல்வான். தவறான எழுத்துக்கு இரண்டு நிமிடம் என்றால், பிழை ஓர் எழுத்தே ஆதலால், சிறுமி பதின்மூன்று நிமிடத்தில் வெல்வாள். ‘சொல்’ என்பதா, ‘எழுத்து’ என்பதா என்பதில் பரிசே அடங்கியிருந்தது. நான் ‘சொல்’ என்றேன்.

முடிவை அறிவித்ததும் சிறுமி என்னிடம் வந்தாள். அழவில்லை. “ஐயா, ஒரே ஓர் எழுத்துத்தானே தப்பு?” என்று கேட்டாள்.

“ஓர் எழுத்து, இரண்டு சொல், அம்மா” என்றேன். கணக்காசிரியரைப் போல விரலை நீட்டியும் காட்டினேன். அவள் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டு, தன் பள்ளிப் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்த லாரியை நோக்கிச் சென்றாள்.

பின்னாளில், புதிர்ப் போட்டிகளைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டது. அது அறிவு வேட்கையா, மனச்சான்றின் உறுத்தலா என்பதைப் பிரித்தறிய இன்றும் என்னால் இயலவில்லை. 1978இல் அமெரிக்காவின் ஸ்டாம்ஃபோர்டு நகரில் வில் ஷார்ட்ஸ் என்பவர் தொடங்கிய குறுக்கெழுத்துப் போட்டியின் மதிப்பெண் முறை என் கண்ணில் பட்டபோது, முதலில் எனக்கு நிம்மதியே பிறந்தது. அங்கே சரியான ஒவ்வொரு சொல்லுக்கும் 10 புள்ளி. மிச்சப்படுத்தும் ஒவ்வொரு முழு நிமிடத்துக்கும் 25 புள்ளி. முழுவதும் பிழையின்றி முடித்தால் மேலும் 150 புள்ளி. தவறான எழுத்து ஒவ்வொன்றும் நேரத்தால் ஈட்டிய புள்ளியில் 25ஐக் குறைத்துவிடும். ஆகவே, இரண்டு சொற்கள் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எழுத்துத் தவறினால், சொற்களுக்காக 20, எழுத்துக்காக 25, பிழையின்மைக்குரிய 150 என மொத்தம் 195 புள்ளிகள் பறிபோகும். அது ஏறத்தாழ எட்டு நிமிடத்துக்குச் சமம். அந்த முறைப்படி பார்த்தால் என் மாணவனே வென்றிருப்பான். ‘அப்படியானால் என் தீர்ப்பு கடுமையானதன்று; இரக்கமுள்ளதே’ என்று எனக்கு நானே கூறிக்கொண்டேன்.

ஆனால் அந்த நிம்மதி நீடிக்கவில்லை. ஓர் எழுத்துக்கு எட்டு நிமிடம் என்று அறிந்த போட்டியாளர் என்ன செய்வார்? முடித்தவுடன் கையை உயர்த்தமாட்டார். குறிப்பையும் விடையையும் மீண்டும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பார். அதற்கு ஒரு நிமிடம் செலவாகும். 25 புள்ளி போகும். 195ஐக் காக்க 25ஐக் கொடுக்கலாமா என்று அவரே எடைபோட்டு முடிவு செய்வார். அச்சிறுமிக்கோ நாங்கள் கூறியது ஒன்றே: முதலில் முடி. அவள் அதையே செய்தாள். அவள் கையை உயர்த்தியபோது ஒன்பது நிமிடம் மீதமிருந்தது. ‘பிழைக்குத் தண்டம் உண்டு’ என்று ஒரு வாக்கியம் கூறியிருந்தால், அந்த ஒன்பதில் ஒரு நிமிடத்தைச் செலவிட்டு ‘வீரம்’ என்ற குறிப்பைப் படித்திருக்கமாட்டாளா?

விதி என்பது போட்டி முடிந்தபின் வழங்கும் தீர்ப்பு மட்டுமன்று. போட்டி தொடங்குமுன் போட்டியாளர் காதில் ஓதும் அறிவுரையும் அதுவே. விரைந்து செல், நிதானித்துச் செல், துணிந்து இறங்கு, ஐயமிருந்தால் விட்டுவிடு என்றெல்லாம் விதியே அவருக்குச் சொல்கிறது. ஒன்றைச் சொல்லி ஆடச் செய்துவிட்டு, மற்றொன்றால் அளப்பது அநீதி. நான் தந்த முடிவு தவறு என்று இன்றும் என்னால் அறுதியிட்டுக் கூற இயலாது. விதி பிறந்த நேரம் தவறு. அது விடைத்தாளைக் கண்டபின் பிறந்தது.

உலகப் புதிர்ப் போட்டிகளில் இதை நன்கு உணர்ந்திருக்கிறார்கள். முதல் உலகப் புதிர்ப் போட்டி 1992இல் நியூயார்க்கிலும், முதல் உலகச் சுடோக்குப் போட்டி 2006இல் இத்தாலியின் லூக்கா நகரிலும் நடைபெற்றன. இப்போட்டிகளில் எந்தச் சுற்றில் எவ்வகைப் புதிர், எதற்கு எத்தனை புள்ளி, மீதமாகும் நேரத்துக்கு என்ன ஊதியம் என்பவற்றையெல்லாம் கூறும் கையேட்டை முன்னதாகவே வெளியிடுவது வழக்கம். போட்டிக்கு முன் வினா எழுப்பவும் வாய்ப்புத் தருகிறார்கள். புதிர் மறைந்திருக்கலாம், விதி மறைந்திருக்கலாகாது.

தண்டத்தின் அளவு பற்றியும் வாதங்கள் உண்டு. 1982இல் புடாபெஸ்டில் நடந்த முதல் உலக ரூபிக் கனசதுரப் போட்டியில் மின் தாய் என்பவர் 22.95 விநாடியில் வென்றார். அன்று மூன்று வாய்ப்புகளில் சிறந்த ஒன்றையே கணக்கில் கொண்டனர். 2023இல் மாக்ஸ் பார்க் என்ற இளைஞர் 3.13 விநாடியில் முடித்து அந்நாளைய உலகச் சாதனையைப் படைத்தார். இரண்டு விநாடித் தண்டம் என்பது முன்னவர் நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். பின்னவர் நேரத்திலோ மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும். தவறு ஒன்றே, தண்டமும் ஒன்றே, வலி மட்டும் வேறு. ஆகவே தண்டம் அவரவர் நேரத்துக்கேற்ப இருத்தல் வேண்டும் என்று ஒருவர் வாதிடலாம். அப்படிச் செய்தால், திறமை குறைந்தவரின் பிழைக்கு அதிக விநாடிகளைச் சுமத்த நேரிடுமே என்று மற்றொருவர் மறுக்கலாம். இரண்டிலும் பொருள் இருக்கிறது. எதை ஏற்பினும், போட்டி தொடங்குமுன் ஏற்க வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இராது.

விதி எவ்வளவு தெளிவாயினும் அது தோற்றவரின் நெஞ்சை ஆற்றிவிடும் என்று நான் கூறவில்லை. முன்பு கூறிய ஸ்டாம்ஃபோர்டு போட்டியின் 2005ஆம் ஆண்டு இறுதிச் சுற்றில், ஒருவர் மற்ற இருவரையும் முந்தி முடித்துவிட்டதாக அறிவித்தார். ஆனால் அவர் பலகையில் இரண்டு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அறிவித்த கணத்திலேயே கண்டுகொண்டார். காதில் அணிந்திருந்த ஒலியடைப்பானைக் கழற்றித் தரையில் எறிந்தார். இருபது வயதான டைலர் ஹின்மன் வெற்றி பெற்றார். அந்த இரண்டு கட்டங்களை நிரப்ப எத்தனை விநாடி ஆகியிருக்கும்? ஆயினும் அவர் எவரையும் குறை கூற வழியில்லை. அவரை வீழ்த்தியது நடுவரின் விருப்பமன்று. அவரே அறிந்திருந்த விதி.

நம் இலக்கிய மரபிலும் இதற்கொப்பான கதை ஒன்று உண்டு. வில்லிபுத்தூரார் புலவர்களை வாதுக்கு அழைத்து, தோற்றவர் காதைத் துறட்டியால் அறுப்பார் என்பர். அருணகிரிநாதரோடு வாதிட்டபோது ஒரு செய்யுளுக்குப் பொருள் கூற இயலாமல் அவரே தோற்றார். அருணகிரிநாதர் அவர் காதை அறுக்காமல் விடுத்தார் என்று அக்கதை முடியும். ஓர் எழுத்துக்கு எட்டு நிமிடம் கடுமை என்றால், ஒரு செய்யுளுக்குக் காது என்பதை என்னென்று கூறுவது? எனினும் அக்கொடிய வாதிலும் ஒரு நேர்மை இருந்தது. தோற்றால் என்ன ஆகும் என்பதை இருவரும் அறிந்தே அமர்ந்தனர். தண்டமும் இருவருக்கும் பொதுவாக இருந்தது. தண்டத்தைத் தளர்த்தியவரும் வென்றவரே அன்றி, இடையில் நின்ற நடுவர் அல்லர். மொழி விழாவில் நான் அமர்ந்த இடத்தில் அந்த நேர்மைகூட இல்லை. வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் துலாக்கோலை உவமை காட்டினார். பொருளைத் தட்டில் வைத்தபின் எடைக்கல்லைத் தேர்ந்தெடுப்பவனைத் துலாக்கோல் என்று எவரும் கூறார்.

அந்த விழாவுக்குப் பிறகு, ஓய்வு பெறும்வரை பல புதிர்ப் போட்டிகளை நடத்தினேன். ஒவ்வொரு முறையும் புதிர்த்தாளைக் கொடுக்குமுன் விதிகளைக் கரும்பலகையில் எழுதுவேன். தவறான எழுத்துக்கு இவ்வளவு, வெறுங்கட்டத்துக்கு இவ்வளவு, ஒரே எழுத்து இரண்டு சொல்லைக் கெடுத்தாலும் தண்டம் ஒருமுறையே, இருவர் ஒரே நிமிடத்துக்குள் கையை உயர்த்தினால் இருவரும் சமம். கடைசி விதிக்கும் காரணம் உண்டு. முப்பது பிள்ளைகளுக்கு ஒரே கடிகாரம். கை உயர்ந்ததை என் கண் காணும் நேரமும், பொத்தானை என் விரல் அழுத்தும் நேரமும் அதில் கலந்திருக்கின்றன. நூறில் ஒரு பங்கு விநாடியைக் காட்டும் கருவி இல்லாதவன் ஒரு விநாடியால் பரிசைத் தீர்மானிக்கலாகாது. திருத்தும்போது தாள்களில் பெயரும் பள்ளியும் தெரியாதவாறு எண்களை மட்டும் இடச் செய்தேன். அந்த ஏற்பாடு பிற நடுவர்களை ஐயுற்றுச் செய்ததன்று, எனக்காகவே செய்தது.

எழுதி முடித்ததும், “ஐயம் இருந்தால் இப்போதே கேளுங்கள்; பிறகு கேட்டால் எனக்கும் விடை தெரியாது” என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஓராண்டில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “ஐயா, தப்பாக எழுதி அழித்துத் திருத்தினால் அதற்கும் தண்டமா?” என்று கேட்டாள். அதை நான் எண்ணியிருக்கவில்லை. “இல்லை அம்மா” என்று கூறி அதையும் பலகையில் சேர்த்தேன். விதியைச் செம்மைப்படுத்த வல்லவர்கள் அதற்கு உட்பட்டு ஆடப் போகிறவர்களே என்பதை அன்று கற்றேன்.

அந்தச் சிறுமியை மீண்டும் நான் காணவில்லை. சில ஆண்டுகளில் அவ்வட்டாரத்தில் ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. குடும்பங்கள் பட்டணங்களை நோக்கிப் பெயர்ந்தன. அவள் இப்போது ஐம்பதைக் கடந்திருப்பாள். அந்த நாளை மறந்தும் இருப்பாள். ஒருவேளை மறவாமல், தன் பிள்ளைகளுக்கு றகரத்தையும் ரகரத்தையும் கண்டிப்போடு கற்பித்திருப்பாள். இத்தொகுப்பு என்றேனும் அவள் கைக்கு எட்டுமாயின், அவள் கேட்ட வினாவுக்கு இதோ என் விடை: ஆம் அம்மா, ஓர் எழுத்துத்தான் தப்பு. அதை ஒன்றென்று எண்ணவும் இரண்டென்று எண்ணவும் நியாயம் உண்டு. எப்படி எண்ணப் போகிறேன் என்பதை நீ எழுதத் தொடங்குமுன் நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

பேரன் இப்போது மேலடுக்கை முழுவதுமாகத் திருப்பிய பின்பே கடிகாரத்தை நிறுத்தப் பழகி வருகிறான். வீட்டில் நடுவர் நான். “தாத்தா, கோணலாக இருந்தால் இரண்டு விநாடி கூட்டிவிட வேண்டும், பாவம் பார்க்கக் கூடாது” என்று எனக்குக் கட்டளையிட்டிருக்கிறான். ஒவ்வொரு முறையும் நேரத்தை எழுதித் தாளை அவனிடம் நீட்டுகிறேன். அவன் படித்துப் பார்த்து, தன் பெயரைத் தமிழில் எழுதிக் கையொப்பமிடுகிறான்.